எங்கள் வீட்டுக் கொட்டகை

சினிமா விமரிசனம் இந்தப் பத்திரிகையில் என் இலாகா அல்ல. அதற்கென்று ஒருவர் இருக்கிறார். அவர் இருட்டில் உட்கார்ந்து குறிப்பு எடுப்பார். காமிரா எந்தக் கோணத்தில் நின்றது, இரண்டாம் பாதி எங்கே தொய்ந்தது என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மாத காலம் நடந்த கூத்துதான். அதில் நாங்கள் பார்த்த ஐந்து படங்களைப் பற்றி, பார்த்தவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்ன அபிப்பிராயங்களை எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு எங்கள் விமரிசகர் என்னிடம் சண்டைக்கு வர மாட்டார் என்று நம்புகிறேன்.

கூத்து ஆரம்பித்த காரணம் இதுதான். அப்பாவுக்கு வயது 63. டாக்டர் அவரைப் பரிசோதித்துவிட்டு, ஒரு மாதம் வீட்டை விட்டு நகரக் கூடாது, மாடிப்படி ஏறக் கூடாது, கோபம் கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார். முதல் இரண்டையும் அப்பா ஒப்புக்கொண்டார். மூன்றாவதற்காகத்தான் தினம் ராத்திரி சாப்பாடு ஆனதும் ஒரு பழைய படம் போடுவது என்று தீர்மானித்தோம். செய்தி கேட்டால் அவருக்குக் கோபம் வருகிறது. பழைய படத்தில் அந்த அபாயம் இல்லை. அப்பத்தாவிடம், "அப்பாவுக்கு முதுகு பிடிப்பு" என்று சொல்லி வைத்திருந்தோம். 'சொல்லி வைத்திருந்தோம்' என்று ஏன் எழுதுகிறேன் என்பது பின்னால் வரும்.

கொட்டகையின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். சாய்வு நாற்காலி வகுப்பில் அப்பா. சோபாவில் அம்மாவும் என் சகதர்மிணியும். தரை டிக்கெட்டில் அப்பத்தா, பாயை விரித்து, பக்கத்தில் பனையோலை விசிறி சகிதம். மின்விசிறி தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தாலும் அவளுக்கு அந்த ஓலை விசிறி கையில் இருக்க வேண்டும். ரிமோட்டும் கையுமாக என் பையன், வயது பத்து. அவனுக்கு 'ஆப்பரேட்டர்' என்று அப்பத்தா பெயர் வைத்துவிட்டாள். எனக்கு நிரந்தர ஆசனம் கிடையாது. தண்ணீர் கொண்டு வருகிறவனுக்கு எந்தக் கொட்டகையிலும் ஆசனம் கிடையாது.

அம்மாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெயர்கள் ஓடி முடிவதற்குள் அவள் தூங்கிவிடுவாள். 'வணக்கம்' போடும்போது சரியாக விழித்துக்கொண்டு, "நல்ல படம்" என்பாள். முப்பது வருஷமாக நான் பார்த்த வரையில் அவள் பிடிக்கவில்லை என்று சொன்ன படம் ஒன்றுகூட இல்லை.

முதல் நாள் 'சந்திரலேகா'. அப்பாவின் தேர்வு. 1948-இல் எஸ். எஸ். வாசன் ஜெமினியில் எடுத்த படம். வண்ணம் இல்லை என்றதும் ஆப்பரேட்டர் முகத்தைச் சுளித்தான். "டி. வி. ரிப்பேரா?" என்று கேட்டான். ராஜகுமாரர் எம். கே. ராதா, அவருடைய துஷ்டத் தம்பி ரஞ்சன், நடுவே டி. ஆர். ராஜகுமாரி என்று கதை நகர நகர, அவன் ஒரு கண்ணால் படத்தையும் மறு கண்ணால் என் செல்போனையும் பார்த்துக்கொண்டிருந்தான். குகையில் அடைபட்ட ராதாவை மீட்க சர்க்கஸ் யானைகள் வந்தன. பையன் எழுந்து உட்கார்ந்தான். அதற்கப்புறம் செல்போனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியில் அந்த முரசு நடனம். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் முரசுகள். மேலே பெண்கள் ஆடுகிறார்கள். உள்ளே வீரர்கள் ஒளிந்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் ஆயிரம் பேரை ஒரு நொடியில் வரைந்துவிடும் காலத்துப் பிள்ளை அவன். "இதெல்லாம் நிஜ ஆளா?" என்று கேட்டான். நிஜ ஆள்தான் என்றேன். "எல்லாரும் எப்படி ஒரே சமயத்தில் காலைத் தூக்கினாங்க?" என்றான். என்னிடம் பதில் இல்லை.

"மாசக்கணக்கா பழகிருப்பாக. காசு குடுத்தா தூக்க மாட்டாகளா?" என்றாள் அப்பத்தா.

என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் கொஞ்சம் நீளம்தான். ஆனால் ரஞ்சன் கத்தியைப் பிடிக்கிற அழகைப் பார்த்தபோது, ராஜகுமாரி ஏன் அண்ணனையே விரும்பினாள் என்பது எனக்கு விளங்கவில்லை. சகதர்மிணி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அத்துடன் நிறுத்திக்கொண்டேன்.

மறு நாள் 'அந்த நாள்'. துப்பறியும் கதை என்றால் என் சகதர்மிணிக்குச் சோறு வேண்டாம். வீணை எஸ். பாலசந்தர் 1954-இல் ஏவி. எம்.முக்காக இயக்கிய படம் இது. பாட்டு கிடையாது, நடனம் கிடையாது, சண்டை கிடையாது. அப்போது தமிழில் அப்படி ஒரு படம் எடுக்க எத்தனை துணிச்சல் வேண்டும்! 'பராசக்தி' வந்து இரண்டே வருஷம் ஆகியிருந்த சிவாஜி கணேசன் இதில் ஆரம்பத்திலேயே சுடப்பட்டு விழுந்துவிடுகிறார். "ஹீரோ செத்துட்டார். படம் முடிஞ்சு போச்சா?" என்று ஆப்பரேட்டர் ரிமோட்டைத் தூக்கிவிட்டான்.

1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பான் விமானம் குண்டு போட்ட சமயத்தில் நடக்கும் கதை. செத்தவன் ஒரு ரேடியோ இன்ஜினீயர். அவனைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். கொன்றது யார் என்பதை நான் சொல்லப் போவதில்லை. எழுபது வருஷத்துக்கு மேல் ஆனாலும் ரகசியம் ரகசியம்தான். சகதர்மிணி முதல் இருபது நிமிஷத்தில் ஒரு காகிதத்தில் பெயரை எழுதி மடித்து அப்பாவிடம் கொடுத்து வைத்தாள். படம் முடிந்து பிரித்துப் பார்த்தோம். சரியாக இருந்தது. "எப்படித் தெரிந்தது?" என்று கேட்டேன். "கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாச்சு, எனக்குத் தெரியாதா?" என்றாள். இந்தப் பதிலின் பொருளை நான் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். படம் பார்த்தவர்களுக்கு விளங்கலாம்.

அப்பத்தாவுக்கு மட்டும் திருப்தி இல்லை. "ஒரு பாட்டுகூட இல்லாம ஒரு படமா? இடையிலே எந்திரிச்சுப் போக இடமே குடுக்கலையேப்பா!" என்றாள். அது குறையா, பாராட்டா என்று பாலசந்தரைத்தான் கேட்க வேண்டும்.

மூன்றாவது படத்தை நான் தேர்ந்தெடுத்தேன். ஜப்பான்காரர் யாசுஜிரோ ஓசு 1953-இல் எடுத்த 'டோக்கியோ கதை'. வீட்டில் ஒருவருக்கும் உற்சாகம் இல்லை. அப்பத்தாவுக்கு எழுத்து ஓடினால் படிக்க முடியாது என்பதால், வசனத்தை நானே தமிழில் சொல்லிக்கொண்டு வருவதாக ஒப்பந்தம் ஆயிற்று.

கதை ஒரு பிடி. ஓனோமிச்சி என்ற ஊரிலிருந்து கிழவனும் கிழவியும் டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். மூத்தவன் டாக்டர், மகள் சிகை அலங்காரக் கடை வைத்திருக்கிறாள். இருவருக்கும் நேரம் இல்லை. காசைப் போட்டு அட்டாமி என்ற வெந்நீர் ஊற்று ஊருக்கு அனுப்பிவைக்கிறார்கள். யுத்தத்தில் போன இன்னொரு மகனுடைய விதவை மனைவி நோரிக்கோ ஒருத்திதான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள். ஊர் திரும்பியதும் கிழவி நோயில் விழுந்து இறந்துபோகிறாள். இவ்வளவுதான். கிழவனாக நடித்த சிஷு ரியூவுக்கு அப்போது 49 வயதுதான் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

ஓசுவின் காமிரா நகர்வதே அபூர்வம். பாயில் உட்கார்ந்திருப்பவர் கண் எந்த உயரத்தில் இருக்குமோ, ஏறக்குறைய அந்த உயரத்தில் அது பேசாமல் இருக்கிறது. சோபாவில் இருந்த எங்களுக்கு அது விசித்திரமாகத் தோன்றியது. தரையில் இருந்த அப்பத்தாவுக்குத் தோன்றவே இல்லை. படத்தில் எல்லோரும் கோடை வெக்கைக்கு ஓயாமல் விசிறிக்கொண்டே இருக்கிறார்கள். இங்கே அப்பத்தாவும் விசிறிக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷத்துக்கெல்லாம், "நீ சொல்ல வேணாம், பேசாம இரு. என்ன சொல்றாகன்னு முகத்திலேயே தெரியுதுல்ல" என்று என் மொழிபெயர்ப்பு உத்தியோகத்தைப் பறித்துவிட்டாள்.

கிழவியின் காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்காரும்போது, மகள் அம்மாவின் உடைகளில் இன்னின்னது எனக்கு வேண்டும் என்று கேட்கிறாள். அந்த இடத்தில் அப்பத்தா, "சேலையைக் கேக்குறாளா? கேப்பா, கேப்பா. எங்க ஆத்தா செத்தன்னைக்குக் கொடிச் சேலையே காணாமப் போச்சு" என்றாள். அப்பா வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மகனை ரொம்ப மோசமாகக் காட்டவில்லை, பார். அவனுக்கும் நோயாளிகள் இருக்கிறார்களே" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவர் யாருக்காக வாதாடினார் என்பது எனக்குத் தெரியும். சென்ற வருஷம் அவர் என்னோடு இருக்க வந்த புதிதில் நானும் அவரை ஒரு யாத்திரை பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவைத்தேன்.

'காதலிக்க நேரமில்லை'யைப் பற்றி நான் எழுதித் தெரிய வேண்டியது ஒன்றும் இல்லை. ஸ்ரீதர் இயக்கி 1964-இல் வந்தது. நாகேஷ் பேய்க் கதை சொல்ல பாலையா கேட்கிற காட்சியில், சிரிப்பு மூட்டுவது சொல்கிற வாயா, கேட்கிற முகமா என்று எங்கள் வீட்டில் பட்டிமன்றமே நடந்தது. முகம்தான் என்று நான்கு வாக்குகள் விழுந்தன. அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் அம்மா பதறி எழுந்து படத்தை நிறுத்தச் சொன்னாள். "முதுகு பிடிப்புக்காரன் சிரிச்சா என்னத்தா ஆகும்?" என்று அப்பத்தா கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. அன்று அம்மா தூங்கவில்லை என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை. அப்பத்தா கவனித்திருக்கிறாள்.

ஐந்தாவது படம் 'நெஞ்சில் ஓர் ஆலயம்'. இதை அப்பத்தாவே கேட்டாள்.

"அது ஆஸ்பத்திரிக் கதை அப்பத்தா. வேண்டாமே" என்றேன்.

"நான் பாதிதான் பாத்திருக்கேன். மீதியைப் பாத்துட்டுப் போறேனே" என்றாள்.

பாதி கதையை அவள் சொல்லக் கேட்டோம். 1962-இல் வந்த அந்தப் படம் மானாமதுரைப் பக்கத்து டூரிங் கொட்டகைக்கு மறு வருஷம்தான் வந்திருக்கிறது. தாத்தாவும் அவளும் மாட்டு வண்டியில் போனார்கள். அப்பா கைக்குழந்தை. மணல் தரை, ஒரே ஒரு புரொஜெக்டர், ரீல் மாற்ற நாலு இடைவேளை. புருஷன், "நான் போய்விட்டால் நீ அந்த டாக்டரைக் கல்யாணம் செய்துகொள்" என்று பெண்டாட்டியிடம் சொல்லுகிற கட்டத்தில் குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. தாத்தா தூக்கிக்கொண்டு வெளியே போனார். அழுகை கொட்டகைத் துணியைத் தாண்டி உள்ளே வந்தது. அப்பத்தாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை, அவளும் எழுந்துவிட்டாள்.

"மறு நாள் உங்க தாத்தா மட்டும் போயி மீதியைப் பாத்துட்டு வந்தாக. வந்து எனக்குக் கதை சொன்னாக. ஆபரேசன் நல்லா நடந்துச்சாம். புருசன் பொழைச்சுட்டானாம். டாக்டரும் வேற ஒரு நல்ல பொண்ணாப் பாத்துக் கட்டிக்கிட்டானாம். எல்லாரும் சொகம்னு சொன்னாக."

நானும் என் சகதர்மிணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் படத்தின் முடிவு எங்களுக்குத் தெரியும். ஆப்பரேட்டர் அதற்குள் படத்தைப் போட்டுவிட்டான்.

சும்மா சொல்லக் கூடாது, என்ன படம்! ஏறக்குறைய முழுக் கதையும் ஒரே ஆஸ்பத்திரிக்குள் நடக்கிறது. ஸ்ரீதர் இதை ஒரு மாதத்துக்குள் எடுத்து முடித்தாராம். புற்றுநோயோடு வரும் கணவனாக முத்துராமன், மனைவியாக தேவிகா, அவள் ஒரு காலத்தில் விரும்பிய டாக்டராக கல்யாண் குமார். மூவரில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை. வின்சென்டின் காமிரா அந்தச் சிறிய அறைக்குள் கட்டிலுக்கு மேலும் கீழுமாகப் புகுந்து புறப்படுகிறது. கணவன் அப்படிச் சொன்னதும் தேவிகா பாடுகிறாரே சுசீலா குரலில், அந்தப் பாட்டு வந்தபோது அப்பத்தா விசிறியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இங்கேதான் எந்திரிச்சோம்" என்றாள்.

அதற்குப் பிறகு கூடத்தில் ஒரு சத்தம் இல்லை. ஆபரேஷன் நடந்தது. கணவன் பிழைத்தான். அப்பத்தா தலையை ஆட்டிக்கொண்டாள். தாத்தா சொன்னது இது வரை சரியாக இருந்தது. அப்புறம், ராப்பகலாகப் பாடுபட்டு அவனைப் பிழைக்க வைத்த டாக்டர் செத்துப்போனார்.

அப்பத்தா முதலில் சிரித்தாள். "எம்புட்டுப் பொய்யி! வேற பொண்ணைக் கட்டிக்கிட்டானாம்ல!" என்றாள். "நான் அழுவேன்னு மாத்திச் சொல்லிருக்காக. அறுவது வருசமா அந்த டாக்டரு புள்ளகுட்டியோட இருக்கான்னுல்ல நெனைச்சுக்கிட்டு இருந்தேன்."

நாங்களும் சிரித்தோம். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அப்பத்தா அவர் பக்கம் திரும்பினாள்.

"அவுக தொண்டையிலே வந்ததுக்கும் புண்ணுன்னுதானே சொன்னாக. நீயும் கூட நின்னுக்கிட்டு, ஆமாம்மா, புண்ணுதான், ஆறிடும்னு சொன்னேல்ல?"

தாத்தா காலமானது 1987-இல். நான் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்தார். புற்று என்று அவருக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். அப்பத்தாவிடம் மட்டும் சொல்லவில்லை. புண்தானே, ஆறிவிடும் என்று நம்பி, கதிர் அறுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவள் ஊருக்குப் போன மூன்றாம் நாள் அவர் போய்விட்டார்.

"தெரிஞ்சிருந்தா அந்த அறுப்பு எனக்கெதுக்கு?" என்றாள் அப்பத்தா. குரல் உயரவில்லை. "சரி, அது போச்சு. இப்ப உனக்கு என்ன? முதுகு பிடிப்புக்காரனுக்கு மாடி ஏறினா மூச்சு ஏன் வாங்குது? சிரிச்சா உன் பொண்டாட்டி ஏன் எந்திரிச்சு ஓடி வாரா? அடுத்த புதன்கிழமை எல்லாரும் திருச்செந்தூர் போறோம், நீங்க வீட்டிலே இருங்கன்னு இவன் ஏன் சொல்றான்?"

இவன் என்பது நான்தான். திருச்செந்தூர் என் யோசனை.

அப்பா ரிமோட்டைப் பையனிடமிருந்து வாங்கி டி. வி.யை அணைத்தார். நாற்காலியிலிருந்து மெதுவாக இறங்கி, அப்பத்தாவின் பாயில் உட்கார்ந்தார். இருதயத்துக்குப் போகிற இரத்தக் குழாயில் மூன்று இடத்தில் அடைப்பு இருக்கிறது, நெஞ்சைத் திறந்து காலிலிருந்து ஒரு குழாயை எடுத்து வைத்துத் தைப்பார்கள், சர்க்கரை இறங்குவதற்காகத்தான் ஒரு மாதம் காத்திருந்தோம், புதன்கிழமை ஆபரேஷன் என்று ஒன்று விடாமல் சொன்னார். அப்பத்தா கேட்ட கேள்விகள் நாங்கள் டாக்டரிடம் கேட்டவற்றைவிட அதிகம். எத்தனை மணி நேரம் ஆகும்? மயக்கம் எப்போது தெளியும்? இரத்தம் யார் கொடுக்கிறார்கள்? கடைசியாக, "ஆஸ்பத்திரியிலே வெளியிலே உக்கார எடம் இருக்குமில்ல?" என்று கேட்டாள்.

இருந்தது. ஆறு மணி நேரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஓலை விசிறியோடு அவள் உட்கார்ந்திருந்தாள். அங்கே ஏ. சி. குளிர் எலும்பைத் துளைத்தது. ஒரு நர்ஸம்மா வந்து, "பாட்டி, இங்கே எதற்கு விசிறி?" என்று கேட்டாள். "கையிலே ஒண்ணு இருக்கணும் தாயி" என்றாள் அப்பத்தா.

அப்பா வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. இருமல் வந்தாலும் சிரிப்பு வந்தாலும் தையலுக்கு வலிக்காமல் இருக்க, ஒரு தலையணையை நெஞ்சோடு இறுக அணைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். நேற்று ராத்திரி கொட்டகை மறுபடி திறந்தது. என்ன படம் போடலாம் என்று ஆப்பரேட்டர் கேட்டான். அந்த நாகேஷ் பேய்க் கதையை மட்டும் போடச் சொன்னாள் அப்பத்தா. அம்மா பெயர் போடுவதற்கு முன்பே தூங்கிவிட்டாள். பாலையாவின் முகம் கோண ஆரம்பிப்பதற்குச் சற்று முன்னால் பையன் படத்தை நிறுத்தி, தாத்தா தலையணையைப் பிடித்துக்கொண்டாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி ஓட விட்டான்.